பழைய டைரக்ட் ஐஓ நிரலை ஐஓமேப்புக்கு மாற்றுவது: எங்கிருந்து தொடங்குவது?

நூல்கண்டு (திருப்பூர்)

வணக்கம். பின்னல் துணியில் குறை கண்டுபிடிக்கும் இயந்திரங்களைச் செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் நான் வேலை செய்கிறேன். செக்கிங் மேசையில் துணி ஓடும்போது மேலே இருக்கும் கேமரா அதை வரி வரியாகப் படம் பிடிக்கும். ஒரு வரிக்கு 4,096 புள்ளிகள், புள்ளிக்கு ஒரு பைட், நொடிக்கு 20,000 வரிகள் என்ற கணக்கில் நொடிக்கு ஏறத்தாழ 82 எம்பி வட்டுக்குப் போக வேண்டும். 1,024 வரிகள் சேர்ந்தால் ஒரு ஃபிரேம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் முன்னால் 512 பைட் தலைப்பு ஒன்று உண்டு. இவ்வளவு தரவும் பேஜ் கேஷ் (லினக்ஸ் கெர்னல் கோப்புத் தரவை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் இடம்) வழியாகப் போனால் அலசும் நிரலுக்கு நினைவகம் மிஞ்சாது என்பதால், தொடக்கத்திலிருந்தே ஓ_டைரக்ட் (கேஷைத் தவிர்த்து நேரே வட்டுக்கு, அதாவது டைரக்ட் ஐஓ), ஓ_டிசிங்க் (வட்டில் நிலைத்த பிறகே எழுத்து முடிந்ததாகும்) இரண்டையும் போட்டுத்தான் கோப்பைத் திறக்கிறோம். எட்டு ஃபிரேம்கள் வரை ஒரே நேரத்தில் அசிங்க் முறையில் (முந்தையது முடியக் காத்திராமல்) எழுத அனுப்பப்படும்.

இதற்கென்று ஒரு சிறிய கோப்பு முறைமையை எனக்கு முன்னால் இருந்தவர்கள் 4.14 கெர்னலுக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். எக்ஸ்டென்ட் (வட்டில் அடுத்தடுத்து வரும் பிளாக்குகளின் தொகுதி) பட்டியல், மெட்டாடேட்டாவுக்கு (கோப்பைப் பற்றிய விவரங்களுக்கு) மட்டும் ஒரு சிறு ஜர்னல் (மாற்றங்களை முதலில் பதிந்து வைக்கும் இடம்), கோப்பின் ஒரு பகுதி வட்டில் எங்கே என்று சொல்லும் கெட்_பிளாக் சார்பு ஒன்று, அதைக் கொண்டு பழைய பிளாக்டெவ்_டைரக்ட்_ஐஓ-வை அழைக்கும் சில வரிகள் ஆகியவை அதில் அடங்கும். இப்போது 6.12-க்குப் போக வேண்டிய கட்டாயம் வந்திருக்கிறது. எங்கள் கெர்னலில் இஎக்ஸ்டி4 தவிர வேறு கோப்பு முறைமை எதையும் சேர்ப்பதில்லை. மாட்யூலைக் கட்டும்போது அந்தப் பழைய சார்பின் பெயரே கிடைக்கவில்லை என்று பிழை வருகிறது. தேடிப் பார்த்ததில், அது லெகசி_டைரக்ட்_ஐஓ என்ற தனித் தேர்வுக்குக் கீழே ஒதுக்கப்பட்டுவிட்டது என்றும், புதிதாக எழுதுகிறவர்கள் ஐஓமேப் என்ற கெர்னலின் பொது நிரலைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றும் தெரிந்தது.

கெட்_பிளாக்கை உள்ளே அழைத்து, அது தரும் பஃபர் ஹெட்டை (ஒரு பிளாக்கின் விவரத்தைத் தாங்கும் அமைப்பை) ஐஓமேப் வடிவத்துக்கு மாற்றித் தரும் ஒரு மேலுறையை எழுதினால் போதுமா? அல்லது வேறு எதையாவது நான் கவனிக்கத் தவறுகிறேனா?

இதோடு தொடர்புண்டா என்று தெரியாத இரண்டு செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். யூபிஎஸ் பேட்டரி கிழடாகிப்போன ஒரு பனியன் கம்பெனியில் மின்சாரம் நின்று திரும்ப வந்தபோது, வெள்ளைத் துணியின் படத்துக்கு நடுவில் முந்தைய வாரம் ஓடிய கோடு போட்ட துணியின் படம் சில ஃபிரேம்களுக்குத் தெரிந்தது. மின்சாரம் நிற்காத நாள்களிலும், எப்போதாவது ஒரு ஃபிரேமின் தலைப்பு முழுக்கச் சுழியமாக வருகிறது. இரண்டாவதற்குக் கேமரா கேபிளே காரணம் என்று முடிவு செய்து, பல இயந்திரங்களில் கேபிளை மாற்றியும் விட்டோம்.

வெள்ளலூர்_மேடு (கோவை)

தம்பி, மேலுறை எழுதினால் மாட்யூல் கட்டப்படும். படிப்பதும் எழுதுவதும் நடப்பது போலவும் தெரியும். ஆனால் வேலை அங்கே முடியவில்லை. பெயரைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். ஐஓமேப் என்பதை வேகமாகச் சொன்னால் ‘ஐயோ’ என்றுதான் நம் காதில் விழும்.

பழைய முறையில், வட்டில் எந்த இடம் என்ற கேள்வியை மட்டுமே பொது நிரல் உங்களிடம் கேட்டது. அதற்கான பதிலைத் தாங்கி வருவதற்கு வேறு பாத்திரம் இல்லாததால், பேஜ் கேஷுக்காகப் பிறந்த பஃபர் ஹெட்டைக் கடன் வாங்கி, அதன் கொடிகளில் ‘புதியது’, ‘ஒதுக்கப்பட்டது’ என்று எழுதி அனுப்பினார்கள். 2016-இல் கெர்னல் நிரலாளர் கிறிஸ்டோஃப் ஹெல்விக் எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையில் இருந்த யோசனையைப் பொதுவாக்கி ஐஓமேப்பைக் கொண்டுவந்தபோது கேள்வியின் வடிவம் மாறியது. ‘இந்த இடத்திலிருந்து இவ்வளவு நீளத்துக்கு இந்தக் கோப்பின் நிலை என்ன?’ என்று நீங்கள் எழுதித் தரும் பிகின் சார்பிடம் கேட்கிறார்கள். ஓட்டையா (பிளாக்கே ஒதுக்கப்படாத பகுதியா), எழுதப்பட்ட எக்ஸ்டென்ட்டா, ஒதுக்கியும் இன்னும் எழுதப்படாததா என்று நிலையைப் பெயரிட்டுச் சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு. எக்ஸ்எஃப்எஸ் 4.10-இலும், இஎக்ஸ்டி4 5.5-இலும், இஎக்ஸ்டி2 6.5-இலும் டைரக்ட் ஐஓவை இந்த வழிக்குக் கொண்டுவந்தன. பிடிஆர்எஃப்எஸ்காரர்கள் 5.8-க்கான சுற்றில் மாற்றிவிட்டு, வெளியீட்டுக்கு முன்பே திரும்பப் பெற்றுக்கொண்டு, பிறகு சரிசெய்து மறுபடி சேர்த்தார்கள். ஆகவே முதல் தடவையிலேயே சரியாக வரவில்லை என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மேலுறையால் தீராதது எது என்றால், பழைய பாதை உங்களுக்குத் தெரியாமலே செய்து கொடுத்துவந்த வேலைகள்தாம். எழுதும் பொதுச் சார்பு ஐநோடின் (கோப்பின் விவரப் பதிவின்) பூட்டை எடுத்தது, கோப்பின் மாற்ற நேரத்தைப் புதுப்பித்தது, செட்யூஐடி கொடியை (கோப்பை அதன் உரிமையாளரின் அதிகாரத்தோடு இயக்கவிடும் அனுமதியை) நீக்கியது, எழுதி முடிந்ததும் ஐ_சைஸை (கோப்பின் நீளத்தை) நகர்த்தியது, பேஜ் கேஷில் கிடந்த பழைய பக்கங்களை விலக்கியது, டைரக்ட் வழியில் முடியாமல் போன மிச்சத்தைக் கேஷ் வழியாக எழுதிக் கொடுத்தது. இவற்றில் கேஷை வட்டுக்குத் தள்ளுவதையும் விலக்குவதையும் மட்டும் ஐஓமேப் ஏற்றுக்கொள்கிறது. அதுவும், எழுதும் முன் விலக்க முடியாமல் போனால் இ-நாட்-பிளாக் என்ற பிழையைத் திருப்பி உங்கள் கையிலேயே கொடுத்துவிடும். மற்றதெல்லாம் இனி உங்கள் ரைட்_ஐட்டர் சார்பில் எழுதப்பட வேண்டியவை. படிக்கும் பக்கத்திலும் இதே கதைதான். டியோ_லாக்கிங் கொடி இருந்தால் பழைய நிரல் படிப்பதற்கும் தானே பூட்டெடுத்துக்கொண்டது. ஐஓமேப் எந்தப் பூட்டையும் எடுக்காது. பகிர்வுப் பூட்டை (பலர் ஒரே நேரத்தில் எடுக்கக்கூடியதை) நீங்கள் எடுத்துக்கொண்டு போய்த்தான் அழைக்க வேண்டும்.

உங்கள் நிலைக்கு மிகவும் நெருங்கிய முன்மாதிரி இஎக்ஸ்டி2-வின் மாற்றம்தான். அது சிறியது, ஒரு மாலையில் படித்துவிடலாம். எக்ஸ்எஃப்எஸ் நிரலில் தொடங்க வேண்டாம். அங்கே பங்கிட்ட எக்ஸ்டென்ட்டுகளைப் பிரித்தெழுதும் வேலையும் கலந்திருப்பதால் உங்களுக்கு வேண்டியது எது என்று பிரித்துப் பார்க்கவே நாள் போய்விடும்.

கோடு போட்ட துணி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பழைய அழைப்பில் கடைசி வாதமாக என்ன கொடி போகிறது என்று பார்த்துச் சொல்ல முடியுமா? கோப்பை முன்கூட்டியே எஃப்ட்ரங்கேட் செய்து நீட்டி வைக்கிறீர்களா என்பதையும் சொல்லுங்கள்.

கோபி_வாய்க்கால் (கோபிசெட்டிபாளையம்)

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். சொந்தக் கோப்பு முறைமை எதற்கு என்பதுதான் என் கேள்வி. நொடிக்கு 82 எம்பி என்பது இன்றைய எஸ்எஸ்டிக்கு ஒரு சுமையே அல்ல. எக்ஸ்எஃப்எஸ்ஸில் ஃபாலோகேட் செய்து இடம் பிடித்துக்கொண்டு, அதே ஓ_டைரக்ட்டில் எழுதினால், நீங்கள் இப்போது புதிதாக எழுதப்போகும் அத்தனையும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பலர் அடித்துத் துவைத்த நிரலாகக் கைக்கு வந்துவிடும். வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது தோட்டத்தில் கிணறு வெட்டுகிறவரை ஊரில் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

நூல்கண்டு (திருப்பூர்)

இருவருக்கும் நன்றி. கோபி அண்ணா கேட்டது நியாயமான கேள்விதான். அடுத்த மாதிரி இயந்திரத்துக்கு அதையே பரிந்துரைக்கப் போகிறேன். ஆனால் ஏற்கெனவே கம்பெனிகளில் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரங்களின் வட்டுகளில் பழைய வடிவத்தில் பதிவுகள் இருக்கின்றன. ஏற்றுமதி ஆர்டரில் தகராறு வந்தால் காட்டுவதற்காக அவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று வாங்கியவர்கள் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். கெர்னலைப் புதுப்பித்த பிறகும் அந்த வட்டுகளைப் படிக்கவும் எழுதவும் முடிந்தாக வேண்டும்.

வெள்ளலூர் ஐயா கேட்டதைப் பார்த்தேன். கொடி சுழியம். பழைய குறிப்புகளைத் தோண்டியதில் காரணமும் கிடைத்தது. முதலில் வழக்கமான உறைச் சார்பைத்தான் அழைத்திருக்கிறார்கள். அதில் டியோ_லாக்கிங், டியோ_ஸ்கிப்_ஹோல்ஸ் இரண்டும் உண்டு. ஒவ்வொரு துணி ரோலுக்கும் கோப்பை முதலிலேயே எஃப்ட்ரங்கேட் செய்து 4 ஜிபிக்கு நீட்டுகிறோம். அப்போது வேகம் மிகவும் குறைந்ததாம். யாரோ கொடிகளை எடுத்துவிட்டு ‘வேகம் சரியாகிவிட்டது’ என்று ஒரே வரியில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

வெள்ளலூர்_மேடு (கோவை)

அந்த ஒரே வரியில்தான் உங்கள் இரண்டு கோளாறுகளும் இருக்கின்றன. பொறுமையாகப் படியுங்கள், இதைப் புரிந்துகொள்ளாமல் ஐஓமேப்புக்கு மாற்றினால், கோளாறையும் சேர்த்துப் புதிய வீட்டுக்குக் குடியேற்றிவிடுவீர்கள்.

டியோ_ஸ்கிப்_ஹோல்ஸ் என்பதன் பொருள் இது: கோப்பின் ஐ_சைஸுக்கு உள்ளே இருக்கும் ஓட்டையில் டைரக்ட் வழியாக எழுத வந்தால், புது பிளாக்கை ஒதுக்காதே, கைவிட்டுக் கேஷ் வழிக்கு அனுப்பிவிடு. எஃப்ட்ரங்கேட் செய்த கோப்பு முழுவதுமே ஓட்டை என்பதால் உங்கள் எழுத்தெல்லாம் கேஷ் வழியாகப் போய் வேகம் குறைந்தது. அந்தக் கட்டுப்பாடு தெரியாத்தனமாக வைக்கப்பட்டதல்ல. உங்கள் எக்ஸ்டென்ட் பட்டியலில் ‘ஒதுக்கியாயிற்று, இன்னும் எழுதவில்லை’ என்று சொல்ல வழியில்லை. பிளாக்கை ஒதுக்கிய கணத்திலிருந்து, அதில் முன்பு என்ன கிடந்ததோ அது கோப்பின் உள்ளடக்கமாகிவிடுகிறது. கோப்பின் முடிவுக்கு அப்பால் எழுதும்போது இது ஆபத்தில்லை. எழுதி முடிந்த பிறகே ஐ_சைஸ் நகர்வதால் நடுவில் யாரும் பார்க்க முடியாது. ஐ_சைஸுக்கு உள்ளே அந்தத் திரை கிடையாது.

உங்கள் பயன்பாட்டில் இது எப்படி நடந்திருக்கும் என்று பாருங்கள். எட்டு ஃபிரேம்கள் ஒரே நேரத்தில் வழியில் இருக்கின்றன. எட்டுக்கும் பிளாக்குகள் ஒதுக்கப்பட்டு, அந்த ஒதுக்கீடு நினைவகத்தில் ஜர்னல் பரிவர்த்தனையில் ஏறிவிட்டது. முதல் ஃபிரேம் முடிந்ததும் ஓ_டிசிங்க் காரணமாக ஜர்னல் வட்டுக்குத் தள்ளப்படுகிறது. அதோடு மற்ற ஏழு ஃபிரேம்களின் ஒதுக்கீடும் வட்டில் நிலைத்துவிடுகிறது, தரவு வந்து சேர்வதற்கு முன்பாகவே. அந்த நொடியில் மின்சாரம் நின்றால், திரும்ப ஏற்றும்போது அந்தப் பிளாக்குகளில் போன வாரக் கோட்டுத் துணி இருப்பதில் என்ன வியப்பு? படத்தில் ஒன்றிரண்டு அல்லாமல் சில ஃபிரேம்கள் சேர்ந்தாற்போல் தெரிந்ததாகச் சொன்னதும் இதனோடு பொருந்துகிறது.

மருந்து, எழுதப்படாத எக்ஸ்டென்ட் என்ற நிலையை வட்டின் வடிவத்திலேயே சேர்ப்பது. உங்கள் பதிவில் நீளத்துக்கு எத்தனை பிட்டுகள் என்று பாருங்கள். மேல் பிட் ஒன்று சும்மா கிடந்தால் அதையே அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். இஎக்ஸ்டி4-உம் 16 பிட் நீளத்தில் இப்படித்தான் செய்கிறது. அதனால்தான் அங்கே எழுதப்பட்ட எக்ஸ்டென்ட்டின் உச்சம் 32,768 பிளாக்குகளாகவும் எழுதப்படாததன் உச்சம் 32,767 ஆகவும் இருக்கின்றன. மேல் பிட்டை அறியாத பழைய மாட்யூல் அந்த வட்டை ஏற்ற முயன்றால் நீளத்தைத் தாறுமாறாகப் படிக்கும். ஆகவே சூப்பர்பிளாக்கில் (கோப்பு முறைமையின் முதன்மைப் பதிவில்) ‘இது தெரியாதவர் ஏற்றக் கூடாது’ என்ற பொருந்தாமைக் கொடி ஒன்றும் வேண்டும். பழைய வட்டுகள் கொடியில்லாமலே தொடரலாம். அவற்றில் ஐ_சைஸுக்கு உள்ளே ஓட்டை வந்தால் இஎக்ஸ்டி2 செய்வதுபோல் பிகின் சார்பிலிருந்து இ-நாட்-பிளாக் கொடுத்துக் கேஷ் வழிக்குப் போய்விடுங்கள். எழுதிய பின் அந்தப் பகுதியை வட்டுக்குத் தள்ளி, கேஷிலிருந்து விலக்கவும் மறக்காதீர்கள். வேகம் குறையும். குறையட்டும், தவறான படத்தைவிட அது மேல்.

புதிய வடிவத்தில், பிகின் சார்பு புதிதாக ஒதுக்கியதை ஐஓமேப்_அன்ரிட்டன் என்று அறிவிக்கும். தரவு வட்டில் சேர்ந்ததும் உங்கள் எண்ட்_ஐஓ சார்பு அழைக்கப்படும். அதற்கு வரும் கொடியில் அன்ரிட்டன் இருந்தால் அந்த வரம்பை எழுதப்பட்டதாக மாற்றும் பரிவர்த்தனையை அங்கே நடத்துங்கள். பரிவர்த்தனை தூங்க (காத்திருக்க) நேரிடும், வட்டு வேலையை முடித்ததும் வரும் இன்டரப்ட்டில் தூங்க முடியாது என்ற கவலை உங்களுக்கு வரும். எழுத்து முடிவதை வொர்க்கியூ என்ற பின்னணிப் பணிவரிசைக்குத் தள்ளும் வேலையை ஐஓமேப்பே பார்த்துக்கொள்கிறது. வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்: முதலில் எக்ஸ்டென்ட்டை மாற்ற வேண்டும், அதன் பிறகே ஐ_சைஸை நகர்த்த வேண்டும். முன்பின்னாகச் செய்தால், இடையில் படிக்க வருகிறவருக்கு நீளம் நீண்டதாகவும் உள்ளே எழுதப்படாததாகவும் தெரிந்து, எழுதிய இடத்தில் சுழியங்கள் கிடைக்கும்.

இனித் தலைப்புக்கு வருவோம். பாவம், அந்தக் கேபிள்கள்.

உங்கள் ஃபிரேம் 41,94,304 பைட் படமும் 512 பைட் தலைப்புமாகச் சேர்ந்து 41,94,816 பைட். அதாவது 4,096 பைட் பிளாக்கில் 1,024 பிளாக்குகளும் கூடுதலாக 512 பைட்டும். வட்டின் அடிப்படை அலகு 512 என்பதால் டைரக்ட் ஐஓ இதை மறுக்காது. ஆனால் கோப்பு முறைமையின் பிளாக் எல்லையில் இது நிற்பதில்லை. முதல் ஃபிரேமின் கடைசி 512 பைட்டுகள் 1,024-ஆம் எண் பிளாக்கின் தொடக்கத்தில் விழுகின்றன. அடுத்த ஃபிரேமின் தலைப்பு அதே பிளாக்கில் அவற்றை ஒட்டி உட்காருகிறது. முதல் எழுத்து வரும்போது அந்தப் பிளாக் புதியது. எனவே நிரல் மீதி 3,584 பைட்டுகளுக்கும் சுழியத்தைச் சேர்த்து வட்டுக்கு அனுப்புகிறது. அது முடிவதற்குள் இரண்டாவது எழுத்து வருகிறது. பிளாக் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருப்பதால் தலைப்பை நேரே அனுப்புகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வட்டின் வரிசையில் நிற்கும்போது எது முதலில் முடியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சுழியம் பின்னால் வந்து சேர்ந்தால் தலைப்பு அழிந்தது. உங்கள் பூட்டு அனுப்பும் வரைதான் பிடிக்கப்படுகிறது, முடியும் வரை அல்ல என்பதால் அதுவும் காக்காது.

எழுதப்படாத எக்ஸ்டென்ட்டைக் கொண்டுவந்தால் இது மோசமாகும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். முதல் எழுத்து முடியும் வரை அந்தப் பிளாக் ‘எழுதப்படாதது’ என்ற நிலையிலேயே இருப்பதால், இரண்டாவது எழுத்தும் தன் பங்குக்கு முன்னால் உள்ள 512 பைட்டைச் சுழியமாக்கும், ஒன்றையொன்று அழிக்கும். எக்ஸ்எஃப்எஸ்ஸும் இஎக்ஸ்டி4-உம் இதனால்தான் பிளாக் எல்லையில் நிற்காத எழுத்துகளுக்குத் தனிப் பூட்டை (ஒருவர் மட்டுமே எடுக்கக்கூடியதை) எடுத்து, ஏற்கெனவே வழியில் இருப்பவை முடியும் வரை காத்திருந்து, பிறகு முடியும் வரை காத்திருக்கச் சொல்லும் ஃபோர்ஸ்_வெயிட் கொடியோடு அனுப்புகின்றன. நீங்களும் அதைச் செய்தாக வேண்டும். செய்தால் உங்கள் எட்டு ஃபிரேம் வரிசை ஒன்றன்பின் ஒன்றாகச் சுருங்கிவிடும். அதற்கு விடை கெர்னலில் இல்லை. தலைப்பை 4,096 பைட்டாக நீட்டுங்கள். ஃபிரேம் சரியாக 1,025 பிளாக்குகளாகும். வீணாவது 4 எம்பிக்கு 3,584 பைட்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். ஃபிரேம்களைச் சுழியத்திலிருந்து எண்ணினால் ஒவ்வொன்றின் தொடக்கமும் பிளாக்குக்குள் 512 பைட் நகர்ந்துகொண்டே போய், எட்டாவது எண்ணில் மறுபடி எல்லைக்கு வந்துவிடும். எனவே தலைப்பு தொலைந்த ஃபிரேம்களின் எண்களில் 8-ஆல் மீதியின்றி வகுபடுவது ஒன்றுகூட இருக்கக் கூடாது. மீதி 1 வருகிற ஃபிரேமில் தலைப்போடு முதல் வரியில் 3,072 புள்ளிகளும், மீதி 2 வந்தால் 2,560 புள்ளிகளும் கறுப்பாக இருக்க வேண்டும். மீதி 7 என்றால் தலைப்பு மட்டும் போயிருக்கும், படத்தில் ஒரு புள்ளிகூடப் போயிருக்காது. கேபிளுக்கு எட்டால் வகுக்கத் தெரியாது.

சென்னிமலை_தறி (ஈரோடு)

சோதனைப் பக்கத்தில் என் அனுபவத்தைச் சொல்கிறேன். எஃப்எஸ்டெஸ்ட்ஸ் என்ற சோதனைத் தொகுப்பை உங்கள் கோப்பு முறைமைக்குப் பழக்க, பொதுச் சார்புகள் இருக்கும் கோப்புகளில் எம்கேஎஃப்எஸ் (வட்டில் கோப்பு முறைமையை உருவாக்கும் நிரல்) அழைப்பு முதலான சில இடங்களைச் சேர்க்க வேண்டியிருக்கும். ஒரு நாள் வேலை. அதிலுள்ள ஜெனரிக் 091, 263 சோதனைகள் இரண்டும் எஃப்எஸ்எக்ஸ் என்ற சோதனை நிரலைக் கொண்டு டைரக்ட் வழியையும் கேஷ் வழியையும் பிளாக்கைவிடச் சிறிய அளவுகளில் ஒரே கோப்பில் மோதவிடுபவை. மாற்றத்தைத் தொடங்கும் முன்பே பழைய கெர்னலில் பழைய நிரலுக்கு இவற்றை ஓட்டி, எவை ஏற்கெனவே தோற்கின்றன என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பிறகு எந்தத் தோல்வி உங்களுடையது என்று தெரியாமல் அல்லாட நேரிடும்.

மின்வெட்டைச் சோதிக்க ஸ்விட்சை அணைத்து அணைத்துப் பார்ப்பது கைவலியில்தான் முடியும். டிவைஸ் மேப்பரில் லாக்-ரைட்ஸ் என்ற இலக்கு ஒன்று இருக்கிறது. அது வட்டுக்குப் போகும் ஒவ்வோர் எழுத்தையும் வரிசையோடு இன்னொரு வட்டில் பதிந்து வைக்கும். பிறகு வேண்டிய இடம் வரை மட்டும் திரும்ப ஓட்டி, ‘இந்தக் கணத்தில் மின்சாரம் நின்றிருந்தால் வட்டு எப்படி இருந்திருக்கும்’ என்று ஒவ்வொரு படியாக ஏற்றிப் பார்க்கலாம். தொடங்கும் முன் வட்டு முழுவதையும் எளிதில் அடையாளம் தெரியும் ஒரே பைட்டால் நிரப்பிவிட்டு எம்கேஎஃப்எஸ் செய்யுங்கள். கோப்பைப் படிக்கும்போது அந்தப் பைட் எங்கேனும் தலைகாட்டினால் அதுவே உங்கள் கோட்டுத் துணி.

பேட்ச்சுகளை (நிரல் மாற்றங்களை) எப்படிப் பிரிப்பது என்பது பற்றியும் ஒரு வார்த்தை. பூட்டுகளை உங்கள் சார்புக்கு நகர்த்துவதை, நடத்தை எதுவும் மாறாமல், தனி பேட்ச்சாக முதலில் வையுங்கள். அதன் பிறகு படிக்கும் பக்கத்தை மட்டும் மாற்றுங்கள்; அது சிறியது, எதையும் கெடுக்காது. எழுதும் பக்கத்தை இஎக்ஸ்டி2 மாதிரியில் மாற்றியதும் அங்கே நின்று ஒரு வாரம் ஓட விடுங்கள். வட்டின் வடிவத்தை மாற்றும் பேட்ச் கடைசியில் வரட்டும். அது ஒன்றைத்தான் நினைத்தபோது திரும்பப் பெற முடியாது.

நூல்கண்டு (திருப்பூர்)

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தேன். மூன்று இயந்திரங்களின் பதிவுகளிலிருந்து தலைப்பு தொலைந்த 37 ஃபிரேம்கள் கிடைத்தன. எட்டால் வகுபடுவது ஒன்றும் இல்லை. மீதி 1 வருகிற ஆறிலும் முதல் வரியில் சரியாக 3,072 புள்ளிகள் கறுப்பு. மீதி 7 வருகிற நான்கில் படம் முழுமையாக இருக்கிறது. கேபிள் வாங்கிய ரசீதுகளை யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை.

இஎக்ஸ்டி2-வின் நிரலைப் படித்துப் பூட்டு பேட்ச்சையும் படிக்கும் பக்க பேட்ச்சையும் முடித்துவிட்டேன். எக்ஸ்டென்ட் பதிவில் நீளத்துக்கு 32 பிட்டுகள் இருப்பதால் மேல் பிட் தாராளமாகக் கிடைக்கிறது. ஒரே ஒரு ஐயம். 6.12-இல் கோப்பை ஓ_டைரக்ட்டில் திறக்கும்போதே தவறான வாதம் என்று பிழை வருகிறது. எழுதும் வரைகூடப் போகவில்லை. மேலும், எழுதும் பக்கத்திலும் பகிர்வுப் பூட்டை இப்போதே கொண்டுவந்துவிடலாமா?

வெள்ளலூர்_மேடு (கோவை)

பழைய டைரக்ட்_ஐஓ சார்பை அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டதால், உங்கள் கோப்பு முறைமைக்கு டைரக்ட் ஐஓ தெரியும் என்பதைக் கெர்னல் வேறு எப்படி அறியும்? உங்கள் ஓப்பன் சார்பில் எஃப்மோட்_கேன்_ஓடைரக்ட் கொடியைக் கோப்பின் எஃப்_மோடில் ஏற்றுங்கள், திறக்கும்.

பகிர்வுப் பூட்டு இப்போது வேண்டாம். ஒரே கோப்பில் பல இழைகள் ஒரே நேரத்தில் எழுதும் டேட்டாபேஸ்களுக்கு அதனால் பெரிய பயன் உண்டு. உங்களிடம் ஒரு கோப்புக்கு ஒரே கேமராதான் எழுதுகிறது. எல்லையில் நிற்கும் அசிங்க் எழுத்துக்குத் தனிப் பூட்டு அனுப்பும் நேரம் மட்டுமே பிடிக்கப்படும், வட்டு வேலை செய்யும் நேரம் முழுவதும் அல்ல. தலைப்பை நீட்டிய பிறகு அளந்து பாருங்கள். அப்போதும் பூட்டில் நேரம் போகிறது என்று எண்கள் காட்டினால் இங்கே வந்து கேளுங்கள். அதுவரை சென்னிமலை அம்மணி சொன்ன லாக்-ரைட்ஸ் சோதனையை முதலில் ஓட்டிவிடுங்கள், எழுதும் பக்க பேட்ச்சை எந்தக் கம்பெனிக்கும் அனுப்புவதற்கு முன்னால்.